விவேகம்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அகராதியைப் பிரித்தால் அறிவு, புத்தி, சாமர்த்தியம், நிதானம், எச்சரிக்கை என்று ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் காட்டிவிட்டுப் போகிறது. விவேகம் என்ற சொல்லுக்கென்று தனிப்பொருள் உண்டா? நான் எழுதிய இந்த மூன்று வாக்கியங்கள் சரிதானா?" அவர் எழுதியவை இவை. ‘எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கும் அவன் மிகவும் விவேகமானவன்.’ ‘முதியவர் விவேகமாகச் சாலையைக் கடந்தார்.’ ‘மருத்துவர் விவேகமாக அறுவை சிகிச்சை செய்து நோயாளியைக் காப்பாற்றினார்.’

இலக்கணப் பிழை மூன்றிலும் இல்லை. ஆனால் மூன்றிலும் வேறொரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் விவேகம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஏன் என்று பார்த்துவிட்டு, கடைசியில் அந்த வாக்கியங்களைத் திருத்தலாம்.

சுருக்கமான விடை: விவேகத்துக்கு வேலை வருவது ஒரு முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் மட்டும்தான். வழி ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் எதையாவது விட வேண்டியிருக்க வேண்டும். எல்லா விவரமும் தெரிந்திருக்காது, காலமும் காத்திருக்காது. அப்படிப்பட்ட நேரத்தில் எது முக்கியம், எது இல்லை என்று பிரித்துப் பார்த்து எடுக்கிற முடிவை விவேகமான முடிவு என்கிறோம். முடிவே இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் ஒட்டாது.

‘பிரித்து’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். விவேகம் வடசொல். அதன் வேரான ‘விச்’ என்ற வினையடிக்குப் பிரித்தல் என்று பொருள். குறிப்பாகத் தானியத்தைப் புடைத்துப் பதரை நீக்குதல். ‘வி’ என்ற முன்னொட்டு சேர்ந்து விவேகம் ஆனது. முறத்தில் அள்ளிப் புடைக்கும்போது என்ன நடக்கிறது? புதிதாக எதுவும் முறத்துக்குள் வருவதில்லை. இருப்பதில் எது தங்க வேண்டும், எது பறக்க வேண்டும் என்பதுதான் தீர்மானமாகிறது. அறிவுக்கும் விவேகத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அறிவு சேர்ப்பது, விவேகம் கழிப்பது.

வேதாந்திகள் இந்தச் சொல்லை இன்னும் கறாராகப் பயன்படுத்தினார்கள். சங்கரர் மரபில் ஞானத்துக்குத் தகுதியாகச் சொல்லும் நான்கு சாதனங்களில் முதலாவது ‘நித்திய அநித்திய வஸ்து விவேகம்’, அதாவது நிலையானதையும் நிலையில்லாததையும் பிரித்தறிதல். வைராக்கியம்கூட அதற்குப் பிறகுதான் வருகிறது. நரேந்திரநாதர் துறவுப் பெயராக விவேகானந்தர் என்று ஏற்றபோது அதில் இருந்தது இந்த விவேகம்தான். பிறகு இந்தச் சொல் மடத்தை விட்டு அச்சகத்துக்கு வந்தது. 1892-இல் சென்னையில் தொடங்கிய மாத இதழுக்கு ‘விவேக சிந்தாமணி’ என்று பெயர் வைத்தார்கள். பாரதியின் ‘தனிமை இரக்கம்’ 1904-இல் வெளிவந்தது மதுரையின் ‘விவேகபாநு’வில். அந்தக் காலத்துப் படித்த தமிழருக்கு விவேகம் என்றால் மூடப்பழக்கத்தையும் நல்ல பழக்கத்தையும் பிரித்தறியும் புதிய வெளிச்சம். பொருள் கொஞ்சம் நகர்ந்தது, ஆனால் பிரிப்பது என்ற அடிப்படை அப்படியே இருந்தது.

இனி பக்கத்து வீட்டுச் சொற்கள். இவற்றில் மிகவும் குழப்புவது எச்சரிக்கைதான். ஜாக்கிரதையாக இருப்பவரெல்லாம் விவேகி என்று நினைத்துக்கொள்கிறோம். இதற்கு வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குரு கதையைவிட நல்ல மறுப்பு கிடையாது. அதற்கு ‘அவிவேகபூரண குரு கதை’ என்றும் ஒரு பெயர் உண்டு, அதாவது அவிவேகம் நிறைந்து வழியும் குரு. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு பொல்லாதது, விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும், தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்கிறார் குரு. சீடன் கொள்ளிக்கட்டையைக் கொண்டுபோய்த் தண்ணீரில் வைக்கிறான். ‘சுர்’ரென்று புகைந்ததும் ஆறு இன்னும் விழித்திருக்கிறது என்று ஓடி வருகிறான். எல்லோரும் காத்திருக்கிறார்கள். பிறகு அணைந்துபோன அதே கட்டையை வைத்துப் பார்த்து, ஆறு தூங்கிவிட்டது என்று அடிமேல் அடி வைத்துக் கடக்கிறார்கள். அக்கரை சேர்ந்ததும் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஒரு தலை குறைகிறது. உடனே ஒப்பாரி.

இந்தக் கூட்டத்திடம் எச்சரிக்கைக்கு என்ன குறை? ஆபத்தை எதிர்பார்த்தார்கள், சோதனை செய்தார்கள், பொறுமையாக இருந்தார்கள், கடந்தபின் சரிபார்க்கவும் செய்தார்கள். இன்றைய அலுவலகம் எதிலாவது இருந்திருந்தால் நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றினார்கள் என்று பாராட்டுக்கூட வாங்கியிருப்பார்கள். இல்லாதது ஒன்றே ஒன்று: எதைச் சோதிக்க வேண்டும் என்பது தெரியவில்லை. ஆழத்தையும் இழுப்பையும் பார்க்க வேண்டிய இடத்தில் தூக்கத்தைப் பார்த்தார்கள். எச்சரிக்கை ஆபத்து என்ற ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும். அந்த ஆபத்து நிஜமா, அதைவிடப் பெரியது வேறு உண்டா என்று கேட்பது விவேகத்தின் வேலை.

அடுத்தது நிதானம். இங்கே நம்மைக் கெடுத்தது ஒலி ஒற்றுமை. நெடுஞ்சாலை ஓரங்களிலும் லாரிகளின் பின்பக்கத்திலும் ‘வேகம் விவேகமல்ல’ என்று எழுதி எழுதி, வேகத்துக்கு எதிர்ச்சொல்லே விவேகம் என்று ஒரு தலைமுறை நம்பிவிட்டது. சாலைக்கு அது சரியான அறிவுரைதான், குறை சொல்லவில்லை. ஆனால் சொல்லின் பொருளாக எடுத்துக்கொண்டால் வினை. வள்ளுவர் வினைசெயல்வகை அதிகாரத்தில் இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறார்:

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை.

இங்கே தூங்குதல் என்றால் தாமதித்தல். தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்துச் செய், தாமதிக்கக் கூடாததைத் தாமதிக்காதே. எது எந்த வகை என்பதை அவர் சொல்லவில்லை. அதைப் பிரிக்க வேண்டியவர் நீங்கள்.

ஒரு நடைமுறை உதாரணம். இரவில் தரையில் படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடிக்கிறது. அந்தக் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் பட்ட தடமும் சில நேரம் சரியாகத் தெரியாது, வீக்கமும் இருக்காது. கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது. அப்புறம் இமை தானாகக் கீழே சரிகிறது. ‘பதறாதீர்கள், விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்கிற பெரியவரிடம் நிதானம் நிறைய இருக்கிறது. ஆனால் அந்த நிதானம் உயிரைக் குடிக்கும். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்டவரை நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே வண்டியைக் கிளப்புகிற பையன்தான் அங்கே விவேகி. வேகமாகப் போனவனும் அவனே.

அதனால் நிதானம், பொறுமை, வேகம், துணிச்சல் எல்லாம் கருவிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்துக்கு எந்தக் கருவி என்று எடுத்துக்கொடுப்பது விவேகம். அரசியலில் இரண்டு தேவைகளையும் சேர்த்து ஒரே குறளில் வள்ளுவர் வைத்திருக்கிறார்: ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து.’ ஒடுங்கி நிற்பதும் கொக்குதான், கண் இமைப்பதற்குள் குத்துவதும் அதே கொக்குதான்.

சாமர்த்தியம், சமயோசிதம், கெட்டிக்காரத்தனம் ஆகியவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாமர்த்தியசாலி நினைத்ததைச் சாதிப்பார், நினைத்தது நல்லதா என்று அந்தச் சொல் கேட்காது. திருடனிடமும் சாமர்த்தியம் உண்டு. ‘விவேகமான திருடன்’ என்றால் சிரிப்பு வரும். சமயோசிதம் அந்த நொடிக்கு உரியது, சட்டென்று வாயில் வரும் பதில் மாதிரி. குழந்தையைச் ‘சமர்த்து’ என்போம், ‘விவேகி’ என்று எந்தப் பாட்டியும் கொஞ்சியதில்லை. புத்தியை ‘புத்தி சொன்னார்’, ‘இப்போதுதான் புத்தி வந்தது’ என்று கொடுக்கவும் வாங்கவும் முடியும். ‘விவேகம் சொன்னார்’ என்று தமிழில் வராது. அது ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து முடிகிற காரியம் இல்லை என்பதை மொழியே ஒத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

வடசொல் வருவதற்கு முன் தமிழில் இதற்கு என்ன சொன்னார்கள் என்றும் நீங்கள் கேட்கலாம். பெயர்ச்சொல்லைத் தேடினால் ‘அறிவு’ என்ற பெரிய சொல்தான் கிடைக்கும். வினைச்சொற்களைத் தேடுங்கள், ஒரு குவியலே இருக்கிறது. தேர், தெரி, ஆய், ஓர், சூழ், தூக்கு, எண்ணு. ஔவையின் ஆத்திசூடியில் ‘தூக்கி வினைசெய்’ என்று ஓர் அடி. தூக்குவது என்றால் இங்கே தராசில் நிறுப்பது. நாம் இன்றும் ‘சீர்தூக்கிப் பார்’ என்கிறோம். வள்ளுவர் அதிகாரத்துக்கு வைத்த பெயர் ‘தெரிந்து செயல்வகை’. அதன் முதல் குறள் ‘அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.’ எவ்வளவு போகும், எவ்வளவு வரும், வந்த பின் தொடர்ந்து என்ன கிடைக்கும் என்று மூன்று கணக்கு. வணிகர் யாரும் இதைப் படித்தால் நம்ம ஆள் என்பார்.

இந்தச் சொற்களில் ‘தேர்’ என்பதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தமிழ் இலக்கியத்தின் மிகப் பெரிய குற்றச்சாட்டு இந்த ஒரு வினைச்சொல்லின் எதிர்மறையில்தான் நிற்கிறது. பாண்டியன் அவைக்கு வரும் கண்ணகியின் வாயில் வரும் முதல் விளி ‘தேரா மன்னா!’ கொடியவனே என்றோ கொலைகாரனே என்றோ அவள் தொடங்கவில்லை. ஆராயாதவனே என்கிறாள்.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதைக்குள் போய்ப் பார்த்தால் அந்த விளி எவ்வளவு துல்லியமானது என்று தெரியும். கூடல் மகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் மனம் போய்விட்டது என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று சாக்குச் சொல்லிவிட்டு அந்தப்புரம் போகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் போய்க்கொண்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பொற்கொல்லன் வாயிலில் விழுந்து கும்பிட்டு, சிலம்பு திருடிய கள்வன் என் குடிலில் இருக்கிறான் என்கிறான். இளங்கோ எழுதுகிறார்: ‘சினைஅலர் வேம்பன் தேரான் ஆகி’, அதாவது வேப்பம்பூ சூடிய பாண்டியன் ஆராயாதவனாகி. காவலரைக் கூப்பிட்டு, சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அரசன் தன் வழியில் போய்விடுகிறான்.

காவலர்கள் தயங்கினார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கோவலனைப் பார்த்ததும், இவன் முகக்குறியைப் பார்த்தால் கொலைப்படும் ஆளாகத் தெரியவில்லை, ‘கொலைப்படு மகன்அலன்’ என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று கள்வர்களின் எட்டு துணைகளைப் பற்றி நீட்டி முழக்குகிறான். கள்வர் நூல் அறிவு அவனிடம் கொட்டிக் கிடக்கிறது! அந்தப் பேச்சு நடக்கும்போதே ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் தயங்கியபடியே நிற்க, குடித்திருந்தவன் முடிவெடுத்துவிட்டான்.

இப்போது வழக்குரை காதை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. அரசனுக்குத் தன் வீட்டுச் சிலம்பில் இருப்பது முத்து என்று முன்பே தெரியும். அறிவில் குறையில்லை. ‘உள்ளே என்ன பரல் என்று பார்த்தீர்களா?’ என்ற ஒரு கேள்வியை நடந்துகொண்டே கேட்டிருக்கலாம். விவேகம் அவ்வளவு சின்ன இடத்தில்தான் இருந்தது. திருப்பி எடுக்க முடியாத ஒரு செயலுக்கும் ஒரு நிமிடத் தாமதத்துக்கும் நடுவில் எது கனம் என்று அவன் தூக்கிப் பார்க்கவில்லை. தேர்வில் விவேகத்துக்கு எதிர்ப்பதம் கேட்டால் ‘அவிவேகம்’ என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். பொருளை மனத்தில் நிறுத்த ‘தேராமை’யை வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்ன குவியலில் ‘சூழ்’ மட்டும் வழிதவறிவிட்டது. ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ என்கிறது குறள். ஆலோசனையின் முடிவு துணிந்து இறங்குவது என்று பொருள். இன்று அதே சொல்லைச் செய்தித்தாளில் போட்டால் சதி. பத்துப் பேர் கூடி யோசித்தாலே ஏதோ திட்டம் போடுகிறார்கள் என்று நம் ஊர் நினைக்கத் தொடங்கியது எப்போது என்று தெரியவில்லை. பழைய உரைகளைப் படிக்கும்போது ‘சூழ்ச்சி’ என்று பார்த்தால் இந்தக் கால அர்த்தத்தை ஓரமாக வைத்துவிடுங்கள்; தேர்வில் இதை வைத்து மாட்டிவிடும் கேள்விகள் வரலாம்.

சட்டத்திலும் இந்தக் குணத்துக்கு இடம் உண்டு. மேற்கத்திய நீதிமன்றங்களில் இதற்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1830-இல் வந்த ஹார்வர்ட் கல்லூரி எதிர் ஏமரி வழக்கு. இறந்துபோன ஒருவர் 50,000 டாலரை அறங்காவலர்களிடம் விட்டுச் செல்கிறார். வருமானம் மனைவிக்கு, அவருக்குப் பின் முதல் பணம் ஹார்வர்டுக்கும் ஒரு மருத்துவமனைக்கும். அறங்காவலர்கள் ஆலைகளின், காப்பீட்டு நிறுவனங்களின் பங்குகளில் போட்டார்கள். விலை இறங்கியது. கல்லூரி வழக்குப் போட்டது. நீதிபதி சாமுவேல் புட்னம் தந்த தீர்ப்பின் சாரம்: எதில் போட்டாலும் முதலுக்கு ஆபத்து உண்டு, விவேகமுள்ளவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைச் சூதாட்டமாக இல்லாமல் நிலையாக வைக்க நினைக்கும்போது எப்படி நடந்துகொள்வார்களோ அப்படி இவர்கள் நடந்தார்களா என்பதுதான் கேள்வி. நடந்திருந்தார்கள். எனவே நட்டத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 15-ஆம் பிரிவும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படி அறங்காவலர் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டும் நட்டம் வந்தால் அவர் தலையில் கட்ட முடியாது. ‘சாதாரண’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் மகானைக் கேட்கவில்லை. பக்கத்துத் தெருவில், தன் வீட்டுப் பத்திரத்தைப் பீரோவில் பூட்டி வைக்கும் ஒருவரைக் கேட்கிறது.

இதிலிருந்து சொல்லைப் பயன்படுத்துவதற்கு முக்கியமான ஒரு விதி கிடைக்கிறது. விவேகத்தை விளைவை வைத்து அளக்கக் கூடாது. லாட்டரிச் சீட்டில் பரிசு விழுந்தவர் விவேகமாகச் சீட்டு வாங்கினார் என்று எழுதினால் தவறு, பணம் வந்தது நிஜமே என்றாலும். எல்லாம் பார்த்து விதைத்து, எதிர்பாராத மழையில் இழந்த விவசாயியின் முடிவு விவேகமற்றது என்று எழுதினாலும் தவறு. முடிவெடுத்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, அதை எப்படி எடை போட்டார் என்பதே கணக்கு. ‘எண்ணித் துணிக கருமம்’ என்பதில் எண்ணுவது முன்னால் வருகிறது. பலனைப் பற்றி அந்தக் குறளில் பேச்சே இல்லை.

வீட்டுக்குள் வரும் ஓர் இடத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சொல் உண்மையில் தேவைப்படுவது அங்கேதான். நண்பர் ஒருவர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிடா’ என்பது வழக்கமான வசனம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, ஜாமீன் போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சரிசமம். முதலில் அவரிடம் முட்டி மோதிவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்குக் கிடையாது. இந்தப் பிரிவு தெரிந்திருப்பது அறிவு. ‘போட முடியாது’ என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்வது எச்சரிக்கை. எப்படியாவது நழுவிவிடுவது சாமர்த்தியம். கடன் தொகை என்ன, அவர் கட்டாமல் போனால் அந்தத் தொகையை என் குடும்பம் தாங்குமா, தாங்காது என்றால் நட்புக் கெடாமல் வேறு என்ன உதவி செய்யலாம் என்று மூன்றையும் பிரித்துப் பார்த்து, ‘கையெழுத்து வேண்டாம், என்னால் முடிந்த ஒரு தொகையை நேராகத் தருகிறேன், திரும்பி வந்தால் சந்தோஷம்’ என்று சொல்வாரே, அவர் செய்தது விவேகம். அவர் போட்டே கொடுத்தாலும், தொகை தாங்கக்கூடியது என்று தெரிந்து போட்டிருந்தால் அதுவும் விவேகமே.

இனி வழக்கு பற்றிச் சில குறிப்புகள். பேச்சுத் தமிழில் விவேகம் அரிது. சாப்பாட்டு மேஜையில் யாரும் ‘விவேகமா முடிவெடுப்பா’ என்று சொல்வதில்லை. ‘நாலையும் யோசி’, ‘முன்னே பின்னே பார்த்துச் செய்’, ‘அவசரப்பட்டுத் தலையை ஆட்டிராதே’ என்பார்கள். மதுரை, தேனிப் பக்கம் ‘சூதானமா இருந்துக்க’ என்பார்கள். அது எச்சரிக்கைக்கு நெருக்கம். இலங்கைத் தமிழில் அதே இடத்தில் ‘அவதானம்’ வரும், சாலைப் பலகைகளிலும் அதைப் பார்க்கலாம். எனவே கதையில் பேச்சு எழுதும்போது விவேகத்தைப் பாத்திரத்தின் வாயில் திணிக்காதீர்கள், ஆசிரியராகவோ மேடைப் பேச்சாளராகவோ அவர் இருந்தாலொழிய.

எழுத்துத் தமிழில் அதற்கு ஒரு சிறப்பான பயன் உண்டு. மரியாதை குறையாமல் கண்டிக்க அது உதவும். ‘அமைச்சரின் பேச்சு முட்டாள்தனமானது’ என்று எழுத முடியாத தலையங்கம், ‘விவேகமானதல்ல’ என்று எழுதும். செயலைத்தான் குறை சொல்கிறது, ஆளை இல்லை. ஆனால் ‘அவிவேகி’ என்று ஆளைச் சொன்னால் அது நல்ல வசவு. இரண்டையும் ஒரே எடை என்று நினைத்துப் பயன்படுத்த வேண்டாம். தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளவும் இந்தச் சொல் ஏற்றதில்லை. ‘நான் விவேகமாக முடிவெடுத்தேன்’ என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதினால் தற்பெருமையாகக் காதில் விழும். ‘யோசித்து முடிவெடுத்தேன்’ போதும். முடிவு, பதில், நடவடிக்கை, மௌனம், விலகல் ஆகியவற்றோடு விவேகம் இயல்பாகச் சேரும். ‘விவேகமான மௌனம்’ என்பது எனக்குப் பிடித்த சேர்க்கை. திறமை, மதிப்பெண், நினைவாற்றல், கைவேலை ஆகியவற்றோடு சேராது.

விவேகத்துக்கு மாற்றாக ‘முன்மதி’ என்ற அழகான சொல் இருக்கிறது. கிறிஸ்தவத் தமிழில்தான் அதிகம் புழங்குகிறது. மணமகனை எதிர்கொள்ள விளக்கோடு போன பத்துக் கன்னியரைப் பற்றிய பைபிள் உவமையில், கூடவே எண்ணெய் எடுத்துவந்த ஐந்து பேரைப் பழைய புரோட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு ‘புத்தியுள்ளவர்கள்’ என்கிறது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு ‘முன்மதியுடையோர்’ என்கிறது. இரண்டாவது சொல் கதைக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது, ஏனென்றால் மணமகன் வரத் தாமதமாகலாம் என்று முன்கூட்டி நினைத்ததுதான் அவர்கள் செய்த காரியம். மற்ற ஐவர் எண்ணெய் கேட்டபோது, கொடுத்தால் இரு தரப்புக்குமே போதாது என்று மறுத்தார்கள் என்பதும் அதே கதையில் இருக்கிறது. பிரசங்கங்களில் அந்த மறுப்பை வேகமாகத் தாண்டிவிடுவார்கள். வரப்போவதைப் பற்றிய முடிவு என்றால் முன்மதி, கண்முன் இருப்பதைப் பிரிக்கும் முடிவு என்றால் விவேகம் என்று நான் வைத்துக்கொள்வேன்; கட்டாய விதி இல்லை.

உங்கள் வாக்கியங்களுக்கு வருவோம். முதல் வாக்கியத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் பையனுக்குக் கெட்டிக்காரன் அல்லது புத்திசாலி போதும். விவேகத்தை வைத்தே தீர வேண்டும் என்றால் ஒரு முடிவைக் கொடுங்கள்: ‘எல்லாப் பாடத்திலும் நூறு வாங்கியும், ஊரார் சொன்ன படிப்பை விட்டுத் தனக்குப் பிடித்த வரலாற்றை எடுத்தது அவன் விவேகம்.’ இரண்டாவதில் முதியவர் ‘கவனமாக’ அல்லது ‘பார்த்து’ச் சாலையைக் கடந்தார். அங்கே தேர்வு செய்ய எதுவும் இல்லை. ‘தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் ஓடுவதைப் பார்த்த முதியவர், பைக்கை இறக்காமல் பத்து கிலோமீட்டர் சுற்றிப் போனது விவேகம்’ என்றால் சொல் தன் இடத்துக்கு வந்துவிடும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் சிக்கல். மருத்துவர் நன்றாக அறுவை சிகிச்சை செய்தார் என்றால் அது திறமை, ‘திறம்பட’ என்று எழுதுங்கள். விவேகம் கத்தியை எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட்ட விஷயம். இப்படி மாற்றலாம்: ‘தன் மருத்துவமனையில் ரத்த வங்கி இல்லை என்பதை எண்ணிப் பார்த்த மருத்துவர், அறுவை சிகிச்சையைத் தானே தொடங்காமல் நோயாளியை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு விவேகமாக அனுப்பிவைத்தார்.’ நோயாளி பிழைத்தாரா என்று இந்த வாக்கியத்தில் சேர்க்க வேண்டியதில்லை.